ஒப்பிக்காமல் கையெழுத்தா?

என் அத்தை திருச்சியில் ஒரே ஒரு புத்தக விழாவுக்குப் போய் வந்தவர். அந்த ஒரு தகுதியே போதுமானதாக இருந்தது. எழுத்தாளரை எப்படிச் சந்திப்பது என்பதில், தா.பழூரில் எங்கள் தெரு முழுவதற்கும் அவர் வைத்ததுதான் சட்டம். அரியலூரில் புதிதாகத் திறந்த சின்னப் புத்தகக் கடைக்கு ஒரு எழுத்தாளர் அம்மா வரப்போகிறார், தன் கதைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுத் தரப்போகிறார் என்று தெரிந்ததும் அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதல் வேலையாக அந்தக் கடைக்கே போய் எனக்கொன்று, தனக்கொன்று வாங்கி வந்தார்.

“அங்கேயேதான் வாங்கணும் பாப்பா. வேற எங்கயோ வாங்கிட்டு இங்க வந்து நீட்டுனா, பந்தியில உக்காந்துக்கிட்டு வூட்டுச் சோத்த அவுக்குற மாதிரி” என்றார். சட்டம் அதோடு முடியவில்லை. வரிசையில் முண்டக் கூடாது. பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி முதல் பக்கத்தில் வைத்து நீட்ட வேண்டும். நானும் கதை எழுதுவேன் என்று ஆரம்பிக்கவே கூடாது. பின்னால் நிற்பவர்களுக்கும் கால் வலிக்கும். ஆகவே வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு நகர வேண்டும்.

எல்லாம் சரி, முக்கியமானதை அத்தை விட்டுவிட்டாரே என்று நினைத்தேன். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் கையெழுத்து சும்மா கிடைக்காது. பாடத்தைப் படித்து, கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தால்தான் மிஸ் நோட்டில் கையெழுத்துப் போடுவார். திக்கினால் நோட்டு அப்படியே திரும்பி வரும். புத்தகத்தை எழுதியவரே கையெழுத்துப் போடுகிறார் என்றால் சும்மாவா? அந்த வாரம் முழுக்க விளையாட்டைத் துறந்து அட்டை முதல் அட்டை வரை படித்தேன். சைக்கிள் கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஒரு மருமகளின் கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டே பக்கம். அதை மனப்பாடம் செய்தேன்.

கடையில் நல்ல கூட்டம். வரிசையிலிருந்து எட்டிப் பார்த்த எனக்குப் பகீரென்றது. எழுத்தாளர், வந்தவரின் பெயரைக் கேட்கிறார், கையெழுத்துப் போடுகிறார், அடுத்த ஆள். ஒருத்தரும் ஒரு வரி ஒப்பிக்கவில்லை! அத்தைக்கும் அப்படியே ஆயிற்று. பெரியவர்களுக்குச் சலுகை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என் முறை வந்தது. எழுத்தாளர் சிரித்தபடி பேனாவைத் திறந்தார். நான் புத்தகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

“இன்னும் ஒப்பிக்கலைங்க மிஸ்.”

அத்தை என் முதுகில் கிள்ளினார். “அம்மாவுக்கு ரயிலுக்கு நேரமாச்சு பாப்பா” என்றார் கடைக்காரர். எனக்கு அழுகை முட்டியது. ஒரு வாரப் படிப்பு வீணாகிவிடுமே! அழுதால் குரல் கெட்டுவிடும் என்று அதை விழுங்கிக்கொண்டு, கையைக் கட்டி, கண்ணை மூடி, ஆரம்பித்தே விட்டேன்.

மருமகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு களத்துமேட்டுக்குப் போகும் இடத்தில் அடுத்த வரி வராமல் நின்றுவிட்டேன். எங்கள் மிஸ்ஸைப் போல இவரும் முதல் சொல்லை எடுத்துக்கொடுப்பார் என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் யோசித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“எனக்கே மறந்துபோச்சேம்மா!”

எழுதியவருக்கே தெரியவில்லை! அந்தத் தெம்பில் எனக்கு வரி வந்துவிட்டது. பிறகு எங்கேயும் நிற்கவில்லை. கதை முடிந்ததும் வரிசை மொத்தமும் கைதட்டியது. வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்ட அத்தை, “எங்கண்ணன் மவ! எங்கண்ணன் மவ!” என்று கடை அதிரக் கத்திக்கொண்டிருந்தார்.

எழுத்தாளர் என்னை அருகில் இழுத்து, “மத்த கதையும் படிச்சியா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“எல்லாந்தான் படிச்சேன் மிஸ். படிக்காம எப்படி கையெழுத்து வாங்குறது?” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பக்கம் நிறைய என்னென்னவோ எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு மகாராணி நினைப்பு. எழுதினவரையே ஜெயித்தவள் அல்லவா! ஒன்று மட்டும் உறுத்தியது.

“நான் சரியாத்தானே அத்தை ஒப்பிச்சேன்? அவங்க ஏன் அழுதாங்க?”

ஒரு வரிகூடப் படிக்காத தன் புத்தகத்தை மடியில் வைத்திருந்த அத்தை, “அழுவலடி, தூசி. சிமெண்டு லாரி ஓடுற ஊர்ல தூசிக்கா பஞ்சம்?” என்றார். தூசிதான் என்று நானும் நம்பிவிட்டேன். எழுதியதை ஒருத்தி படித்துவிட்டு வந்தாள் என்பதற்காக யாராவது அழுவார்கள் என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?