ரோமச் சிப்பாயின் தாடி

என் கணவருக்குக் கப்பல் பட்டறையில் இஞ்சினியர் வேலை. பகல் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிறவர், வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் டிவி பார்ப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவர் துணி காயப்போடும் இடத்தில் உட்கார்ந்து மறுபடியும் இரும்பைத் தட்டுவார். ரோமப் பேரரசின் கடைசிக் காலத்துப் படைவீரன் ஒருவனின் உடையையும் கவசத்தையும் முழுக்கத் தன் கையாலேயே செய்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

கவசத்துக்குக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, வளையங்களாக வெட்ட வேண்டும். நுனியைத் தட்டையாக்கித் துளை போட்டு, பக்கத்து வளையங்களோடு கோத்து, குட்டி ஆணி வைத்து அடிக்க வேண்டும். அப்படியே ஒரு சட்டை அளவுக்கு! "ரெடிமேடா கிடைக்காதா?" என்று ஒருமுறை கேட்டேன். அவர் அம்மாவின் சாம்பாரைக் குறை சொன்னதுபோல் முகம் சுருங்கிப்போனது.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு ஆன்ட்டி ஏறி வந்தார். "ரெனவேஷனா? லிஃப்ட்ல நோட்டீஸ் ஒட்டலையே லா."

இவர் ஆன்ட்டியை உட்காரவைத்து, பாதி முடிந்த கவசத்தைப் பெருமையோடு அவர் மடியில் வைத்தார். அந்தப் பாரத்தில் ஆன்ட்டி சோபாவுக்குள் ஒரு சாண் இறங்கிவிட்டார்.

"இதப் போட்டுக்கிட்டு எங்க தம்பி போகப் போறீங்க?"

"சண்டைக்கு ஆன்ட்டி. ஜெர்மானியர்களோட."

ஆன்ட்டி யோசித்தார். "நம்ம பிளாக்ல அப்படி யாரும் இல்லையே."

கவசத்துக்கு உள்ளே போட முழங்கால்வரை கம்பளி அங்கி வேண்டுமாம். தேக்காவில் ஒரு ஜவுளிக்கடையில் கேட்டேன். "இந்த வெயில்லயா? அண்ணனுக்கு உடம்பு சரியில்லையாக்கா?" என்றார் கடைக்காரர், நிஜமான கவலையோடு. கடைசியில் வெளிநாட்டிலிருந்து துணி வரவழைத்து நானே கையால் தைத்தேன். இவர் தையலை டார்ச் அடித்துப் பரிசோதித்தார். தாடியும் வளர்த்தார். அந்தப் படையில் ஜெர்மானியர்களும் நிறைய இருந்தார்களாம், தாடி இல்லாமல் எப்படி என்றார். சண்டை யாரோடு என்பது எனக்கு அப்புறம் சுத்தமாகக் குழம்பிவிட்டது.

இதே பைத்தியம் பிடித்த சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் பகாரில் ஒரு ஹாலில் கூடினார்கள். இவர் அங்கிமேல் கவசத்தை மாட்டி, இடுப்பில் வார் கட்டி நின்றார். ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். ஏர்கான் இருந்தும் வியர்வை சொட்டியது.

கழற்றுவதற்கு முன்னால் குனிந்து, கைகளை நீட்டி உடம்பைக் குலுக்க வேண்டும். கவசம் தன் எடையிலேயே தலைவழியாக இறங்கிவிடும். இறங்கியது, பாதிவரை. அப்புறம் உள்ளேயிருந்து ஓர் அலறல்.

"இழுக்காத! தாடி மாட்டிக்கிச்சு!"

கூட்டம் சுற்றிக்கொண்டது. யாரோ இடுக்கியை நீட்டினார்கள். நான் குனிந்து பார்த்தேன். "ஒரு வளையத்த வெட்டிடுறேங்க. அப்புறம் வேற கோத்துக்கலாம்."

"வளையத்த வெட்டாத! தாடிய வெட்டு!"

"பார்க்க நல்லாருக்காதுங்க."

"அது தானா வளரும். இது வளருமா?"

நூல் வெட்டும் கத்தரியால் வெட்டினேன். ஒரு கன்னத்தில் தாடி, மறு கன்னத்தில் மாடு புல் மேய்ந்த இடம். வெளியே வந்தவர் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வளையங்களைத்தான் தடவிப் பார்த்தார். புக்கிட் பாத்தோக் வரும்வரை ரயிலில் நான் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். மறுநாள் தாடியை முழுக்க மழித்துக்கொண்டு வேலைக்குப் போனார். பத்து வயது குறைந்துவிட்டதாக எல்லோரும் சொன்னார்களாம்.

அடுத்த வாரம் இவர் கடைக்குப் போயிருந்தார். நம் ஊர் ஈரக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்பதால், நான் கவசத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். சும்மா ஒருதரம் பழைய டிஷர்ட்மேல் மாட்டிப் பார்த்தேன். தோள் முறிந்துவிடும்போல இருந்தது. வாரைக் கட்டியதும் பாரம் இடுப்புக்கு இறங்கி, உடம்போடு பொருந்திக்கொண்டது. இவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாரே என்று அப்போதுதான் தோன்றியது.

கதவு திறந்தது. இவர் பையோடு அப்படியே நின்றார்.

"நல்லாருக்கு. தோள்தான் கொஞ்சம் பெருசு."

"எனக்கு ஒண்ணு செஞ்சு தருவீங்களா?"

பையைக் கீழே போட்டுவிட்டு அளவு டேப்பைத் தேட ஓடினார்.