வடக்குப் பக்கத்து ஜன்னல்

செஞ்சியில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீடு என் பேரில் இருந்தது. அனந்தபுரத்தில் பயிர் செய்துகொண்டிருந்த என் நைனா, கல்யாணத்தின்போது நகையைக் குறைத்துக்கொண்டு அந்த வீட்டை எனக்கு எழுதிவைத்தார். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நகைதான் வேண்டும் என்று அழுதேன். அறுபதுகளின் நடுவில், என் கணவர் காசநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபோதுதான் அதன் அருமை புரிந்தது.

மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடுகிற வேலை அவருக்கு. மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது எழும் தூசிதான் நாள் முழுக்க மூச்சு. நோய் அதனால்தான் வந்ததென்று டாக்டர் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். திண்டிவனத்து டாக்டர் அவரை வீட்டுக்கு அனுப்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஊசி மருந்தெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீ ஒண்ணு செய்யணும். தனி அறை, எதிரெதிரா ரெண்டு ஜன்னல். காத்து ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் போவணும்."

எங்களுக்கு இருந்ததோ ஒரு கூடமும் சமையல்கட்டும். கூடத்தில் நானும் எங்கள் ஒரே மகளும் படுத்துக்கொண்டோம். அவர் யாரும் சொல்லாமலே பின்பக்கத்து மாட்டுக் கொட்டாயில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். மாட்டை விற்றுவிட்டதால் கொட்டாய் காலியாக இருந்தது, ஆனால் மழை வந்தால் கூரை ஒழுகும்.

"எனக்கு இது போதும்மே. மழ வந்தா பாத்துக்கலாம்" என்றார்.

"மழ வரத்துக்குள்ள பின்னால ஒரு ரூம்பு கட்டிடலாம்."

"கட்டறதுன்னா பஞ்சாயத்து ஆபீசுல பர்மிஷன் வாங்கணும். யாரு அலையறது? பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட என்னால நடக்க முடியல."

"நான் அலையறன்."

கடைத்தெருவில் பிளான் போட்டுத் தருகிறவர் ஒருவர் இருந்தார். அவர் எதிரிலேயே உட்கார்ந்து, தெற்கே ஒரு ஜன்னல், வடக்கே ஒரு ஜன்னல் என்று போடச்சொல்லி வாங்கினேன். அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். ஓவர்சியர் தாளை வாங்கவே இல்லை.

"இன்னாம்மா, வீட்டுக்காரரை அனுப்பு. அவரு கையெழுத்து வேணும்."

"வீட்டுக்காரியே நான்தான் சார். பத்திரத்தப் பாருங்க."

பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். பள்ளிக்கூடத்தில் எழுதிய கையெழுத்தைவிட அன்று போட்டது நன்றாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி போனபோது ஓவர்சியர் முகம் மாறியிருந்தது. வடக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். எங்கள் ஜன்னல் அவர்கள் பெண்கள் குளிக்கிற இடத்தைப் பார்த்தபடி வருமாம். "நீங்களே பேசித் தீத்துக்குங்கம்மா. அப்பறம் நான் அளக்க வரேன்" என்றார்.

அந்த மனிதர் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் கிணற்றில்தான் அவர்களும் தண்ணீர் இறைப்பார்கள். அந்த அக்காவின் பிள்ளைகள் கொஞ்ச நாளாக எங்கள் கிணற்றுப் பக்கமே வருவதில்லை என்பது திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. என் வீட்டுக்குப் போகாமல் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஆட்சேபம் குடுத்திருக்கீங்களாமே?"

"எனக்கு இன்னா தெரியும்? அவருதான் குடுத்தாரு."

"ஜன்னலுக்காகவா, இல்ல இருமலுக்காகவா?"

குண்டானைக் கீழே வைத்தாள். "இருமலுக்குத்தான்" என்றாள். "மூணு புள்ளைங்கள வெச்சிருக்கறன். உங்க ரூம்பு காத்து நேரா எங்க வீட்டுக்குத்தான வரும்? கோச்சிக்காத."

கோபம் வரவில்லை. மனசுதான் வலித்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட்டாளே என்று நிம்மதியாகவும் இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் என் மகளை இழுத்துப் பிடித்துத்தான் வைத்திருப்பேன்.

"வர வெள்ளிக்கெழம அவர திண்டிவனம் கூட்டினு போறன். நீங்களும் வாங்க. பயமா இருக்கறத டாக்டர்கிட்டயே கேளுங்க. அவரு வேணாம்னு சொல்லிட்டா ஜன்னல நானே எடுத்துடறன்."

வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். பஸ்ஸில் எங்களைவிட்டு முன்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். என் கணவர் வழி முழுக்க வாயில் துண்டை வைத்துக்கொண்டு கீழேயே பார்த்தபடி வந்தார். டாக்டர் முன்னால் அக்காவை உட்காரச் சொன்னேன். அக்காதான் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுல புள்ளைங்க இருக்குது சார். ஒட்டிக்குமா?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இப்ப அவர் சளியில கிருமி இல்ல. மருந்த விடாம சாப்பிட்டா பயமே இல்ல. இன்னொண்ணும் கேட்டுக்கோ. அடைச்ச ரூம்லதான் இந்தக் கிருமி தங்கும். காத்து புகுந்து போற எடத்துல தங்காது. ஜன்னல் வெச்சா அவருக்கு மட்டும் இல்லம்மா, உங்களுக்கும் நல்லது."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் எங்களுக்குப் பின் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். வல்லம் தாண்டுவதற்குள் என் கணவர் தோளைத் தட்டி, "தம்பி, நீங்க ஜன்னலோரம் மாறிக்குங்க, காத்து வரும்" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவரிடம் பேசிய முதல் வெளி ஆள் அவள்தான். அவர் எழுந்து மாறி உட்கார்ந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டார்.

சைக்கிள் கடைக்காரர் ஆட்சேபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் ஜன்னலை ஆள் உயரத்துக்கு மேலே வைக்கச் சொன்னார். குளிக்கிற இடம் உண்மையாகவே அங்கேதான் இருந்தது. நியாயம் என்று ஒத்துக்கொண்டேன். ஓவர்சியர் டேப்போடு வந்து அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வடக்குச் சுவர் எல்லைக்கு நெருக்கமாக வருகிறது, ஜன்னல் வைப்பதாக இருந்தால் இன்னும் இடம் விட்டாக வேண்டும் என்றார்.

"ஜன்னல எடுத்துடுங்க. இல்லன்னா செவுத்த உள்ள தள்ளணும்."

"செவுத்தத் தள்ளுங்க சார்."

"ரூம் சின்னதாப் பூடுமேம்மா?"

"கட்டிலும் ஒரு பெட்டியும் வெச்சா போதும். ஜன்னல் இருக்கணும்."

பிளானை மறுபடி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை ஆபீசில் எனக்கு உட்கார ஸ்டூல் போட்டார்கள். முத்திரை குத்தின பிளானை அன்றே கையில் வாங்கிவிட்டேன்.

மழைக்கு முன்பே ஓடு போட்டாயிற்று. புதுச்சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். முதலில் சொம்பில், பிறகு குடத்தில். குடத்தைத் தூக்கியும் மூச்சு வாங்கவில்லை என்பதைச் சொல்ல அவர் சமையல்கட்டுக்கே வந்தார். மண்டிக்குத் திரும்ப நான் விடவில்லை. குணமான பிறகு ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தச் சின்ன அறையில்தான் எனக்கு இரண்டாவது பெண் பிறந்தாள். வலி எடுத்ததும் நர்சம்மாவுக்கு ஆள் அனுப்பிவிட்டு, வெந்நீர் வைத்து, நர்சம்மா வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது வடக்கு வீட்டு அக்காதான். குழந்தையைத் துடைத்து என் பக்கத்தில் போட்டவள், "உன்னாட்டமே கத்துது" என்றாள்.