கட்டுப் பிரிக்காத மூன்று நாள்

“ஜூன், செவ்வாய்க்கிழமை. அத்தானின் வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில், நகம் அளவு புண். வலி இல்லை என்கிறார்.” என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். வலி இல்லை என்பதை நல்ல செய்தியாகவே எழுதியிருக்கிறேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். எங்கள் தீவில் பாம்பூஃப்ளாட்டில் வீடு, தினமும் ஃபெர்ரியில் அக்கரையிலுள்ள சாத்தம் வந்து கடைக்குப் போவார். பல வருடமாகச் சர்க்கரை. அதற்கு முந்தைய வாரம் ஒரு நாள் முழுக்க ஷூவுக்குள் கல்லோடு நடந்திருக்கிறார். இரவு அக்கா ஷூவை உதறியபோதுதான் அது விழுந்தது.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். மருத்துவர் ஓர் இளம்பெண். அத்தானைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொடப்போவதாகவும், தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்றும் இந்தியில் விளக்கினார். அத்தான் காத்திருந்தார்.

“ஷுரூ கரியே, மேடம்” என்றார் கொஞ்சம் கழித்து. ஆரம்பியுங்கள் என்று. மருத்துவர் பத்து இடங்களில் தொட்டு முடித்திருந்தார்.

அடுத்து ஒரு மழுங்கிய எஃகுக் கம்பியைப் புண்ணுக்குள் விட்டார். அது கெட்டியாக எதிலோ முட்டி நின்றது. எலும்பு. கிருமி அதுவரை போயிருக்கலாம் என்றார். காலில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. இன்றே சேர்ந்தால் அழுகிய சதையை வெட்டி, நரம்பு வழியாக மருந்து ஏற்றிக் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

வெளியே வந்ததும் அத்தான் சொன்னார்: “இங்க கத்தி வைக்க விடமாட்டேன், மாப்ளே. மெயின்லேண்ட் போயிடுவோம்.”

“இன்னைக்கே சேரணும்ங்கிறாங்க, அத்தான்.”

“கால் யாருது? எனக்கே வலிக்கல. உனக்கு ஏன் வலிக்குது?”

பெரிய நோய் என்றால் கடல் தாண்டி மெயின்லேண்ட் என்பது இந்தத் தீவில் எல்லோருக்கும் பழகிப்போன எண்ணம். எனக்கும்தான். வரிசையில் நின்று வெள்ளிக்கிழமைச் சென்னைக் கப்பலில் இரண்டு பங்க் படுக்கை வாங்கியவன் நானே.

வெள்ளிக்கிழமை காலை அக்கா புண்ணில் போட்டுவிட்ட கட்டை மாற்றலாமா என்று கப்பலில் இரண்டு முறை கேட்டேன்.

“கடல் காத்து பட்டா புண்ணு பெருசாயிடும். கம்முனு இரு” என்று மேலே சாக்ஸையும் மாட்டிக்கொண்டார். சனிக்கிழமை உடம்பு சுட்டது. கப்பல் ஆட்டம் என்றார். நானும் நம்பினேன்.

திங்கட்கிழமை சென்னையில் நர்ஸ் கட்டைக் கத்தரித்தார். விரல்கள் கறுத்திருந்தன, அடிப்பாதம் பாதிவரை கறுப்பு. அந்த வாடையில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அத்தான் பார்த்துவிட்டார்.

“கறுக்க ஆரம்பிச்சு எத்தனை நாள்?” என்று கேட்டார் அறுவைச் சிகிச்சை மருத்துவர்.

நாட்குறிப்பைப் புரட்டினேன். கப்பல் கிளம்பிய நேரம், காற்று, மழை, சாப்பாடு எல்லாம் இருந்தன. காலைப் பற்றி ஒரு வரி இல்லை.

“நேத்துதான் டாக்டர்” என்றார் அத்தான்.

அன்று மாலையே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

புதன்கிழமையே சேர்த்திருந்தால் கால் இருந்திருக்குமா என்று அக்கா ஒரே ஒரு முறை கேட்டாள். நாட்குறிப்பை மறுபடி புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கறுத்தது என்பது அத்தான் சொன்னது மட்டுமே; அவரும் பார்க்கவில்லை. எந்த நாள் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.