இல்லாத கிளட்ச்

அந்த வீட்டில் கார்களுக்கும் உறவுமுறை உண்டு. முதலாளியின் அப்பா காலத்துப் பழைய கார் ‘கிழவர்’. போன மாதம் வந்து இறங்கிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ‘மாப்பிள்ளை’. அது நிழலில்தான் நிற்கும், உசத்தியான பெட்ரோல்தான் குடிக்கும், ஒரு கீறல் விழுந்தால் வீடே பதறும்.

டிரைவருக்குக் கிழவரின் குணம் அத்துப்படி. காலையில் ஸ்டார்ட் ஆக சோக்கை இழுத்துவிட்டுக் கெஞ்ச வேண்டும். கியரைக் குறைக்கும்போது கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும், இல்லையென்றால் நறநறவென்று பல்லைக் கடிப்பார். பிரேக் பிடிக்க நேரமாகும் என்பதால், நிற்க வேண்டிய இடத்தை முந்தின தெருவிலேயே யோசித்துவிட வேண்டும். அப்படி யோசித்து யோசித்தே டிரைவருக்கு வயதாகிவிட்டது.

மாப்பிள்ளையிடம் யோசனைக்கே இடமில்லை. தொட்டால் பறக்கும், தொட்டால் நிற்கும். ஏறி உட்கார்ந்தால் தரையில் சம்மணம் போட்ட மாதிரி இருக்கும். எஞ்சினின் உறுமலில் பாதி ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்று தெரிந்த அன்று அவருக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. அதில் கிளட்ச் கிடையாது. இடது காலுக்கு வேலையே இல்லை. காலுக்குத்தான் அது தெரியவில்லை.

“ஏங்க, தூக்கத்துலகூடவா கிளட்ச் மிதிப்பீங்க? என் முழங்கால் வீங்கிப் போச்சு,” என்றாள் மனைவி, காலையில் தைலம் தேய்த்துக்கொண்டே.

“கியர் விழுந்துச்சா?”

“இன்னொரு தடவை மிதிங்க, பல்லு விழும்.”

கார்களைச் சேர்த்து வைக்கும் ஒருவர் கிழவரை வாங்கிக்கொண்டார். லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுபோனார்கள். லாரி தெரு திரும்புவதற்குள் முதலாளி விஷயத்துக்கு வந்துவிட்டார். “அண்ணே, மாப்பிள்ளையை ஓட்டிப் பழகிட்டா நீங்களே இருங்க. இல்லன்னா வேற ஆள்தான் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

அறுபதை நெருங்கும் டிரைவரை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? புருஷனும் பெண்டாட்டியும் குடியிருந்த பின்கட்டு அறையும் அந்த வேலையோடு ஒட்டியதுதான்.

இடது காலை இருக்கையை ஒட்டி மடக்கி வைத்துக்கொண்டு சில நாட்களை ஓட்டினார். ஒருநாள் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டு வந்தார். சிக்னல் தாண்டியதும் முன்னால் சாலை காலி. ஒரு மேடு வந்தது. கிழவராக இருந்தால் இங்கே கியரைக் குறைக்க வேண்டும். டிரைவர் அதை நினைக்கவில்லை. கால் நினைத்தது. மடிப்பிலிருந்து புறப்பட்டு, கிளட்ச் இருக்க வேண்டிய இடம்வரை நீண்டிருந்த அகலமான பிரேக் பெடலை அடிவரை அழுத்தியது.

மாப்பிள்ளை சொல்பேச்சு கேட்டது. அந்த இடத்திலேயே நின்றது. பின்னால் வந்த பைக் நிற்கவில்லை.

பார்சல் கொண்டுபோகிற இளைஞன் ஒருவன் சாலையில் கிடந்தான். அவன் மணிக்கட்டு திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. முதலாளி முதலில் பம்பரைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். அப்புறம் டிரைவரின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

“நாய் குறுக்க வந்துச்சு. புரியுதாண்ணே? பின்னாடி வந்து இடிச்சவன் மேலதான் கேஸ். நீங்க எதையாவது உளறி வச்சீங்கன்னா நாளைக்கு என்னை வந்து கேக்கக்கூடாது.”

போக்குவரத்துக் காவலர் வந்தார். “காலி ரோட்டுல ஏன்யா பிரேக் அடிச்ச?”

கிளட்ச் என்ற சொல் டிரைவரின் தொண்டைவரை வந்தது.

“நாய் சார்,” என்றார்.

“நாயா?” நடைபாதையில் கையை மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்த இளைஞன் தலையைத் தூக்கினான். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். “நான் பாக்கலியேண்ணே. எந்தப் பக்கம் ஓடிச்சு?”

காவலர் நிமிர்ந்து பார்த்தார். டிரைவர் கையை நீட்டி ஒரு சந்தைக் காட்டினார். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அடிபட்டவனும் கழுத்தை எக்கிப் பார்த்தான்.