பிரிசில்லாவின் முப்பது விநாடி

எங்கள் பனியன் கம்பெனியில் வேலை வேகத்தை அளக்க வைத்திருக்கும் சதீஷ்குமார் பையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் லைனில் தைக்கிற முப்பது பேரையும் அவர் பார்ப்பது, சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலிருக்கும்.

அவர் நிர்வாகம் படித்தவர். காலையில் எங்களை நிற்கவைத்து அந்தப் படிப்பின் வரலாற்றைச் சொல்வார். நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு எஞ்சினியர், இரும்புக்கட்டி சுமந்த கூலிகளின் வேலையைக் கடிகாரம் வைத்து அளந்தாராம். எந்த வேலைக்கும் சிறந்த வழி ஒன்றுதான், அதைக் கண்டுபிடிப்பது மேலே இருப்பவர் வேலை, அப்படியே செய்வது கீழே இருப்பவர் வேலை என்று எழுதினாராம். பிறகு பிரான்சில் ஒரு சுரங்க நிர்வாகி, ஒரு ஆளுக்கு ஒரே அதிகாரிதான் உத்தரவு போடவேண்டும் என்று எழுதினாராம். இரும்பு சுமந்தவர் என்ன எழுதினார் என்று கேட்டேன். லைனே சிரித்தது. அன்று மதியம் வரைக்கும் சதீஷ்குமாரின் முதுகில், பழுதுள்ள துணிக்குச் செக்கிங்கில் ஒட்டும் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. எப்படி வந்ததோ, தெரியாது.

பிரிசில்லா அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. வெள்ளகோவில் பக்கம். ஓவர்லாக் மிஷினில் பனியனுக்குக் கை வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சிறந்த டெய்லர் என்று நோட்டீஸ் போர்டில் மூன்று வருடமாக அவர் போட்டோ இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு முந்தானையால் அதன் தூசியைத் துடைப்பார்.

முன்பு வேலை பார்த்த கம்பெனியில் வள்ளியாத்தாள் அவருக்குக் கைமடி. டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குகிறவரைத்தான் திருப்பூரில் அப்படிச் சொல்வோம். அந்தக் கம்பெனியை மூடியதும் இருவரும் இங்கே வந்தார்கள். கைமடியெல்லாம் பழைய காலம், டெய்லர் மட்டும்தான் வேண்டும் என்றார்கள். வள்ளியாத்தாளும் டெய்லர்தான் என்று பிரிசில்லா அக்கா மேனேஜரிடம் கூசாமல் பொய் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டாராம்.

இருவருக்கும் அடுத்தடுத்த மிஷின். வள்ளியாத்தாள் ஒப்புக்கு உட்கார்ந்து, இரண்டு பேருக்கான துண்டுகளையும் திருப்பி, ஜோடி சேர்த்து, அக்காவின் விரலுக்கடியில் தள்ளுவார். அக்கா மணிக்கு நூற்றிருபது தைப்பார். ஆளுக்கு அறுபது என்று எழுதிக்கொள்வார்கள். டார்கெட்டும் அறுபதுதான். லைன் முழுக்கத் தெரியும், யாரும் வாயைத் திறந்ததில்லை.

போன மாதம் சதீஷ்குமார் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகத் தைத்திருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்தவருக்குக் குறைவாகப் பரிமாறுகிற வழக்கம் இந்தப் பக்கத்தில் இல்லையே. அக்கா முழு வேகத்தையும் காட்டினார். ஒரு பனியனுக்கு முப்பது விநாடி. சதீஷ்குமார் அந்த இரண்டு கைகளை மட்டும்தான் பார்த்தார்.

மறுநாள் நோட்டீஸ்: ஓய்வைக் கழித்துப் போக ஆளுக்கு மணிக்கு நூறு. ஒரு வாரத்தில் தொடாதவர்கள் வேலைக்கு வரவேண்டாம். வள்ளியாத்தாள் தனியாகத் தைத்தால் இருபத்தைந்துகூடத் தேறாது.

மறுபடி அளக்கச் சொல்லி மெதுவாகத் தைக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். அது சதீஷ்குமார் காதில் விழுந்துவிட்டது. தொழிலாளிகள் வேண்டுமென்றே இழுத்தடிப்பதை அந்த அமெரிக்கர் அன்றைக்கே எழுதிவிட்டார் என்றார். மிச்சமிருந்தது உண்மையைச் சொல்வது மட்டும்தான். சொன்னால் பழைய பொய்யும் வெளியே வரும், இரண்டு பேர் வேலையும் போகலாம்.

"நான் ஊட்டுக்குப் போயிக்கறேன், நீ வாயத் தொறக்காத" என்று வள்ளியாத்தாள் சொல்லிப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் அக்கா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"சார், அந்த முப்பது என் கை மட்டும் இல்லீங்க. பாதி இவிங்க கை. இவிங்கள எந்திரிக்கச் சொல்லிப்போட்டு அளந்து பாருங்க."

அளந்தார். நாற்பத்தெட்டு விநாடி. அதன் பிறகுதான் வள்ளியாத்தாள் என்று ஒருவர் இருப்பதையே அவர் பார்த்தார். சீட்டுக் கிழியப்போகிறது என்று நினைத்தோம். அவர் முகம் மலர்ந்தது. வாட்சைப் பிடித்தபடி மேனேஜர் அறைக்கு ஓடினார்.

அடுத்த வாரம் சுவரில் ஒரு சார்ட் ஏறியது. தலைப்பு, 'சதீஷ் முறை'. டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுக்க ஒரு உதவியாள் இருந்தால் வேகம் கூடுமாம். அவர் பிறப்பதற்கு முன்பே இந்த ஊர் செய்துகொண்டிருந்ததை அவர் கண்டுபிடித்துவிட்டார். உதவியாள் இல்லாதவர்களுக்குப் பழையபடி அறுபது. வள்ளியாத்தாளின் வேலை தப்பியது, ஹெல்பர் சம்பளத்தில். பொய் சொன்னதற்காக அக்காவின் போட்டோவைக் கழற்றினார்கள்.

சார்ட்டில் ஒட்டப் படம் வேண்டும் என்று சதீஷ்குமார் அக்காவைக் கூப்பிட்டார். வள்ளியாத்தாள் இல்லாமல் வரமாட்டேன் என்றார் அக்கா. அதனாலென்ன, வரட்டும், படத்தில் முகம் விழாது, கைகளை மட்டும்தான் எடுக்கப்போகிறோம் என்றார் அவர்.

இப்போது அங்கே நான்கு கைகள் தொங்குகின்றன. நேற்று யாரோ அதன் கீழே மார்க்கரில் 'பிரிசில்லா, வள்ளியாத்தாள்' என்று பெரிதாக எழுதிவிட்டார்கள். விசாரணை நடக்கிறது. டீ நேரத்தில் அக்கா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நேராக என் மிஷினுக்கு வந்தார்.

"அவிங்க பேர முன்னால எழுதியிருக்கோணும் கண்ணு" என்றார்.