பெருநாளைக்கு வந்த பூண்டு

சாயிராவுக்குப் பூர்வீகம் மேலப்பாளையம். பொறந்து வளந்தது பூரா பம்பாய் தாராவி, எங்க அடுத்த வீடு. புருஷன் மன்சூர் அலிக்குத் தோல் பட்டறையில வேலை. இவளுக்குக் கல்யாண வீட்டுச் சமையல். எண்பத்தாறு வாக்குல ஞாயித்துக்கிழமையானா ஐநூறு பேருக்கு அடுப்பு மூட்டுவா. கோழிக்கு ஒருத்தன், அண்டா வாடகைக்கு ஒருத்தன், உரிச்ச பூண்டுக்கு ஒருத்தன். சாமான் நேரத்துக்கு வந்தாச் சரி, அதுக்குப் பின்னால யாரு கெடந்து சாகுறான்னு அவ கேட்டதில்ல. யாருதான் கேக்கோம்?

அந்த வருஷம் நோன்புப் பெருநாள் மழையோட வந்துது. மத்தியானம் நான் அவ வீட்டுல சேமியா தின்னுக்கிட்டு இருக்கேன், நஜிமுதீன் வந்து நிக்கான். ஆண்டாப் ஹில்லுல பூண்டு குடோன் வச்சிருக்கவன். புதுச் சட்டை, அத்தர் வாசம், பின்னால கூலியாளு தலையில ரெண்டு மூட்டை.

"என்னடே, கல்யாணம் ஞாயித்துக்கிழமைல்லா? இன்னைக்கே கொண்டாந்துட்ட?"

"நம்மகிட்ட லேட்டுங்கற பேச்சே கெடையாது லாத்தா. பெருநாளா இருந்தா என்ன, சரக்கு ரெடி. காலையில உரிச்சது. தொட்டுப் பாருங்க, ஈரம் காயல."

சாயிரா ஒரு பல்ல எடுத்து உருட்டிப் பாத்தா. "யாரு உரிச்சா?"

"நம்ம ஊருப்பக்கத்துப் பொம்பளையதான். எல்லாம் நம்ம ஆளுக." பெருமையா வேற சொன்னான்.

"நம்ம ஆளுகளா? பெருநாள் காலையிலயா?"

அவன் மூட்டைய எறக்கச் சொல்லிட்டு ஓடிட்டான்.

தாராவியில எம்புட்டுக் கஷ்டப்பட்டவளும் அன்னைக்கு ஒரு நாள் கூலிக்குப் போமாட்டா. தலைக்குக் குளிச்சு நாலு வீட்டுக்குப் போயி வருவா. சாயிரா கிண்ணத்தக் கீழ வச்சிட்டா. "ஒருத்தி உரிச்சிருந்தா வயித்துப்பாடுன்னு விட்டுரலாம். ரெண்டு மூட்டை, ஏளா! ஒருத்திக்குக்கூடவா பெருநாள் இல்ல? வெளிய விட்டிருக்க மாட்டான்."

மறுநாள் என்னையும் இழுத்துக்கிட்டு பஸ் ஏறினா. அவன் குடோன் ஒரு தகரக் கொட்டாய், வெளிப்பக்கம் பூட்டு. காவலுக்குச் சொரிமுத்துன்னு ஒரு ஆளு. "பெரிய ஆர்டர், உரிக்கிறவங்களப் பாக்கணும்"னு சொல்லவும் நஜிமுதீன் பல்லக் காட்டிக்கிட்டுத் தொறந்து விட்டான். உள்ள காத்து இல்ல, கண்ணு எரியுது. ஏழெட்டுப் பொம்பளைய தரையில உக்காந்து உரிக்காவ. விரலெல்லாம் வெந்து தோலு உரிஞ்சு கெடக்கு. மூலையில பாயும் ஒரு வாளியும். அங்கேயே தின்னு அங்கேயே தூங்கணும்.

சாயிரா ஓரத்துல இருந்த சின்னவளக் கேட்டா. "பேரென்ன?"

"பீவி."

"எந்திரி. தெருமுனை வரைக்கும் போயி ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்."

பீவி நஜிமுதீன் மூஞ்சியப் பாத்தா. "அவுக விடமாட்டாக."

"டீ இங்கயே வரும் லாத்தா. சொரிமுத்து, ரெண்டு டீ..."

"எனக்கு டீ வேண்டாம். அவ அந்த வாசலத் தாண்டி நடக்கணும். அம்புட்டுதான்."

அவனுக்கு இப்பத்தான் உறைச்சுது. "அவ வாப்பா எங்கிட்ட முன்பணம் வாங்கிட்டாரு. கழியற வரைக்கும் இங்கதான் இருக்கணும். பாஷை தெரியாத ஊரு, காணாமப் போனா யாரு பதில் சொல்றது? பூட்டு அவங்க பாதுகாப்புக்குத்தான்."

"பணம் அவ வாப்பாகிட்டக் குடுத்த. இவ கால எதுக்குடே பிடிச்சு வச்சிருக்க? பாதுகாப்புன்னா உம் பொண்டாட்டியயும் பூட்டிட்டா வந்த?"

சொரிமுத்து சிரிச்சிட்டான். நஜிமுதீன் கத்த ஆரம்பிச்சான், "நீ சமையக்காரி, உனக்கு எதுக்கு இந்த வேலை?" சாயிரா சத்தமே போடல. "பள்ளிவாசல்ல ஜமாஅத்துக்காரங்களக் கூப்பிட்டுச் சொல்லுவேன். பெருநாள் அன்னைக்கு முஸ்லிம் பொம்பளைய அடைச்சு வச்சு உரிச்ச பூண்டு இதுன்னு ஒவ்வொரு நிக்காஹ் வீட்டு வாசல்லயும் நின்னு சொல்லுவேன். அப்புறம் எவன் வாங்குறான் பாப்போம். இப்ப அவள விடுதியா, நான் கெளம்பவா?"

நஜிமுதீன் வாசல விட்டு விலகினான். பீவி எந்திரிச்சும் நடக்கத் தெரியாதவ மாதிரி நின்னா, நாந்தான் கையப் பிடிச்சேன். அவ பின்னால இன்னும் ரெண்டு பேர் வந்தாங்க. மத்தவங்க பயந்து உக்காந்துட்டாங்க. சாயிரா சொல்லி, வெள்ளிக்கிழமை ஜமாஅத்துக்காரங்க நேர்ல போயி நின்னப்புறந்தான் அவங்களும் வெளிய வந்தாங்க. இப்படி ஆள அடைச்சு வேலை வாங்கக்கூடாதுன்னு சட்டம் வந்து பத்து வருஷம் ஆச்சாம். சட்டம் ஆண்டாப் ஹில்லுக்கு பஸ் பிடிச்சு வரலபோல.

அவன் ரெண்டு மூட்டையயும் சாயிரா திருப்பி அனுப்பிட்டா. ஞாயித்துக்கிழமைக் கல்யாணத்துக்கு எங்க சந்தே உக்காந்து உரிச்சுது. எவ திட்டல? நானும்தான் திட்டினேன். ரெண்டு நாளைக்கு கையி சோத்துல படமுடியல.

அதுக்கப்புறம் எவங்கிட்டச் சாமான் எடுக்கணும்னாலும் முதல்ல அவன் எடத்துக்கே போவா. வேலையாள்ல ஒருத்தர, "வா, டீ குடிச்சிட்டு வருவோம்"னு தெருவுக்குக் கூப்பிடுவா. முதலாளி மூஞ்சியப் பாக்காம அந்த ஆளு எந்திரிச்சு வந்தாத்தான் ஆர்டர். மத்த சமையக்காரங்க கேலி பண்ணினாங்க: "டீ இன்ஸ்பெக்டரம்மா வந்துட்டா." அண்டா வாடகைக்காரன் ஆள விடமாட்டேன்னான், அவன் அண்டாவே வேண்டாம்னுட்டா. சாப்பாட்டு ரேட்டு ஏறுச்சு, ரெண்டு கல்யாணம் கைவிட்டுப் போச்சு. மன்சூர் அலி தலையில அடிச்சுக்கிட்டாரு. இவ அசையல.

பீவி இவகிட்டயே வேலைக்குச் சேந்தா. ரொம்பச் சூட்டிகை. தால்ச்சா வைக்கிறதுல சாயிராவையே மிஞ்சிருவாபோல. ஒரு வருஷம் கழிச்சு, கல்யாண சீசன் தொடங்கப்போற நேரத்துல வந்து நின்னா.

"டோம்பிவிலியில தையல் வேலை கெடைச்சிருக்கு லாத்தா. நாளைக்கு வரச் சொல்றாங்க."

சாயிராவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. வரிசையா நாலு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கா. மன்சூர் அலி சொன்னாரு, "நீ இல்லேன்னா அவ இன்னும் அந்தத் தகரத்துக்குள்ளதான் கெடப்பா. சீசன் முடியட்டும்னு சொல்லு. அவளுக்கு அந்த நன்றிகூடவா இருக்காது?"

"பணத்தச் சொல்லிப் பிடிச்சு வச்சான் அவன். நன்றியச் சொல்லிப் பிடிச்சு வைக்கச் சொல்லுதியளா என்னைய?"

சாயிரா பீவி பக்கம் திரும்பி, "தைக்கிற எடம் எப்படி? பூட்டு வெளிப்பக்கமா, உள்பக்கமா?"ன்னு கேட்டா.

"போயிப் பாத்துட்டேன் லாத்தா. மத்தியானம் எல்லாரும் வெளிய போயிட்டு வாராங்க."

"அப்ப போ."

மறுநாள் சயான் ஸ்டேஷனுக்கு அவளே கூட்டிட்டுப் போயி, லேடீஸ் பெட்டியில ஏத்திவிட்டா. வண்டி போனதும் ஒரு மூச்சுத் திட்டினா, சீசன் நேரத்துல விட்டுட்டுப் போயிட்டாளேன்னு. பொறவு விறுவிறுன்னு வீட்டுக்கு வந்து, புருஷங் கையில கத்தியக் குடுத்து வெங்காயத்துக்கு முன்னால உக்கார வச்சா.