விகுதிகளில் தடுமாற்றம்

எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானலில் வெளிநாட்டவர்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்துப் பிழைத்தேன். மனைவி இறந்த பிறகு மலையேறி வந்தவன் நான். ஒற்றை அறை. பிற்பகலானால் சன்னல்வரை மூடுபனி வந்து நிற்கும். அந்த ஆண்டு எனக்கு ஒரே மாணவி, என்னைவிட மூத்த ஒரு நர்ஸ். மலையடிவாரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் அவருக்கு வேலை காத்திருந்தது. தமிழில் தேறிவிட்டார் என்று நான் எழுதிக் கொடுத்தால்தான், அவரை வரவழைத்த மிஷன்காரர்கள் அங்கே அனுப்புவார்கள்.

சொற்களைவிட அவற்றின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் விகுதிகள் மேல்தான் அவருக்கு ஆசை. பாடத்துக்கு வந்ததும் என் அறைக்குள் துணிக்கொடி கட்டி, 'நோய்' என்று எழுதிய அட்டையைக் கிளிப் போட்டு மாட்டுவார். பக்கத்தில் 'ஆளி' என்ற சீட்டை மாட்டுவார்.

"வெறும் நோயா இருந்துச்சு, ஐயா. இந்தச் சீட்ட மாட்டுனதும் ஒரு மனுஷர் வந்து படுத்துக்கிட்டார் பாருங்க."

பிறகு 'கள்' மாட்டுவார். "இப்ப வார்டே நெறஞ்சிருச்சு."

பாடம் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே நான் யாரிடமும் பேசாத நாட்கள் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அவரோடு நின்றிருந்தேன். பூண்டி கிராமத்திலிருந்து பூண்டு கொண்டுவந்து விற்கும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க வாத்தியாரே, இவுங்களுக்கு இன்னும் என்னத்தச் சொல்லிக் குடுக்குறீங்க? வெலை பேசிப் பேசியே என்னைய அழ வச்சுட்டாங்க."

"நீங்க எங்க அழுதீங்க? சிரிச்சுக்கிட்டேதான எடையக் கொறைக்கிறீங்க," என்றார் நர்ஸ்.

பக்கத்துக் கடைக்காரர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இனி அவருக்கு நான் தேவையில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுவாரம் மிஷன்காரர்கள் அறிக்கை கேட்டார்கள். 'விகுதிகளில் தடுமாற்றம் உள்ளது. இன்னும் ஓராண்டு பயிற்சி தேவை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பொய். இன்னும் ஓராண்டு அவர் வருவார், பேசுவார் என்பதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை. மருத்துவமனையால் காத்திருக்க முடியவில்லை. வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். நர்ஸைச் சொந்த நாட்டுக்கே திரும்பச் சொல்லிவிட்டார்கள் மிஷன்காரர்கள்.

வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"எதுல தப்பு விட்டேன், ஐயா? சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

வாயில் வந்ததைச் சொன்னேன். "'உங்களுக்கு', 'உங்களுக்காக'. அந்த ரெண்டையும் கொழப்பிக்கிறீங்க."

ஒருநாளும் அவர் அவற்றைக் குழப்பியதில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பெட்டிமேல் உட்கார்ந்து, ஐந்து வாக்கியங்கள் எழுதி நீட்டினார். ஐந்தும் சரி.

"இப்ப சரியா?"

"இப்ப சரி," என்றேன்.

பஸ் கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நான் உண்மையைச் சொல்லவில்லை.